ரைஸ்ட்ரிக் லாயத்தின் கூரை

ஆக்னஸ் ரைஸ்ட்ரிக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இங்கிலாந்தின் யார்க்ஷயர் மலைப் பள்ளத்தாக்கில், அப்பா விட்டுப்போன பண்ணையில், தம்பி வில்ஃப் ஆடுகளைக் கவனித்தான். குதிரைகள் போன பிறகும் லாயத்தை அவள்தான் கவனித்தாள். இருநூறு வருடத்துக் கட்டடம். கூழாங்கல் பதித்த தரை, அதன் நடுவே மூத்திரம் வடிய ஒரு வாய்க்கால். குதிரைகள் உரசி உரசி வழவழப்பான மரத்தடுப்புகள். பரணிலிருந்து உலர்புல்லை நேரே தீவனத் தொட்டிக்குள் தள்ளச் சுவரோரம் துவாரங்கள். முக்கோணச் சுவரின் உச்சியில், எலி பிடிக்க ஆந்தை வந்துபோவதற்கென்றே விட்ட ஓட்டை.

பழங்காலக் கட்டடம் என்று அரசாங்கப் பாதுகாப்பில் இருந்ததால் அதை இடிக்க முடியாது. கூரை போய் ஆபத்தானால் மட்டும் அனுமதி உண்டு. வில்ஃபுக்கோ அங்கே சுற்றுலாக்காரர்களுக்கு வாடகை வீடு கட்ட ஆசை.

"உன் அரண்மனை என்னைக்கு விழப்போகுது, ராணியம்மா?" என்பான்.

"நீ விழுந்த மறுநாள்."

இருவரும் சிரிப்பார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் கூரையில் கல் ஓடுகள் குறைந்தன. காற்று என்றான் வில்ஃப். உடைந்ததையெல்லாம் பாதையின் குழிகளை நிரப்பக் கொட்டிவிட்டேன் என்றான். அவள் தார்ப்பாய் கட்ட ஏறியபோது ஏணியைப் பிடித்தவனும் அவன்தான். மார்ச்சில் உத்திரம் ஊறிவிட்டது. இடிக்க அனுமதி தரலாமா என்று பார்க்க அரசாங்க ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது.

அவர் வரவிருந்த காலையில், வழிதவறிய ஆட்டுக்குட்டியைத் தேடிப் பின்சுவர்ப் பக்கம் போனவள், முட்புதருக்குள் ஓடுகளைப் பார்த்தாள். பெரியதிலிருந்து சிறியதுவரை அளவுவாரியாக, விளிம்பில் நிறுத்தி, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அந்தப் பள்ளத்தாக்கில் கூரை பிரிப்பவர்கள் அப்படித்தான் அடுக்குவார்கள். யாரும் ஓடுகளைக் கீழே எறிவதில்லை. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

சமையலறையில் வில்ஃப் ரொட்டியில் மாட்டுக்கொழுப்பு தடவிக்கொண்டிருந்தான்.

"நம்ம ஊர்க் காத்து ரொம்ப நல்லா அடுக்குது, வில்ஃப்."

கத்தி நின்றது. "பாத்துட்டியா?"

"உடைச்சுப் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"நல்ல கல்லு, ஆக்னஸ். உடைக்க எப்படி மனசு வரும்?"

அவன் அதை உண்மையாகவே சொன்னான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வெறும் லாயம்தானே. அந்தாளு முன்னாடி வாயத் திறக்காத. நான் உன் தம்பி."

"தம்பின்னு நம்பித்தானே ஏணி ஏறினேன்."

முற்றத்தில் கார் வந்து நின்றது. வில்ஃப் எழுவதற்குள் அவள் வெளியே போய்விட்டாள்.

"கூரையக் காத்து தூக்கலைங்க," என்றாள் ஆய்வாளரிடம். "என் தம்பி இறக்கினான். கல்லெல்லாம் பின்னாடி பத்திரமா இருக்கு. வாங்க, காட்டுறேன்."