ஸினாயீதா பிடுங்கச் சொன்ன ஆணிகள்

உங்கள் வீட்டு வெள்ளிச் சாமானை என்றைக்காவது கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். கொடுத்தவர் பெரிய மனிதர் என்றால் கொடுத்ததும் வெள்ளிதான் என்று வாங்கி உள்ளே வைத்திருப்பீர்கள்.

ஸினாயீதா பாவ்லவ்னா அந்த ரகம் இல்லை. கோஸ்த்ரமா நகரத்தில், தங்கம் வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். யார் வீட்டில் தேநீர் கொடுத்தாலும், கண்ணாடித் தம்ளரைத் தாங்கும் உலோகப் பிடியைத் தலைக்கு மேல் தூக்கி முதலில் அடியைப் பார்ப்பார். சூடான தேநீர் முழங்கை வழியே ஒழுகியதும் உண்டு.

"குடிம்மா ஸினா, விஷம் ஒண்ணும் வைக்கல!"

"விஷம்னா நாக்கே சொல்லிடும். வெள்ளியா இல்லையான்னு நாக்கு சொல்லாதே."

வெள்ளி முத்திரையில் 84 என்ற எண்ணைப் பார்த்து, நூற்றுக்கு எண்பத்துநான்குதானா, மட்டம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களை அவர் லேசில் விட மாட்டார். பழைய கணக்கு தொண்ணூற்றாறுக்கு, நூற்றுக்கு அல்ல என்று அவர்கள் ஒத்துக்கொள்ளும்வரை நகர மாட்டார். எண்ணுக்குப் பக்கத்தில் தலையணி சூடிய ஒரு பெண்ணின் தலை. அது இடப்பக்கம் பார்த்தால் ஒரு காலம். வலப்பக்கம் திரும்பிவிட்டால் ஜார் ஆட்சியின் கடைசி வருஷங்கள். சுத்தியலோடு தொழிலாளியின் தலை இருந்தால் சோவியத் காலம். கடவுளை நம்பாத ஸினாயீதா, முத்திரையையும் நம்பியதில்லை. சரிபார்த்தார், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றதும் வோல்கா நதிக்கரையில் ஒரு கிராமத்தில் சின்ன வீடு வாங்கி, ஓர் ஆட்டோடு குடியேறினார். பக்கத்து வீடு யெர்மலாய் ஸாவிச்சுடையது. அறுபதைத் தாண்டிய தனிக்கட்டை, கோவில் காவலாள். அவர் இவருடைய வேலியைச் சரிசெய்வார். இவர் அவருடைய சட்டைக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டே கடவுள் இல்லை என்று நிரூபிப்பார். "சரி, இல்லாமலே இருக்கட்டும், நூலை இறுக்கிக் கட்டு" என்பார் அவர். ஊர் இவர்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டது.

அந்தக் கோவிலின் மாதா படம் இருப்பதே யெர்மலாயின் குடும்பத்தால்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சோவியத் அரசு கோவிலை இழுத்து மூடியபோது அவருடைய அப்பா படத்தை ஓட்ஸ் தானியப் பெட்டிக்குள் புதைத்தார். அப்பா போரில் செத்தார். அம்மா காத்தாள். பிறகு மகன். சோவியத் ஆட்சி போய்க் கோவில் திறந்த அன்று, யெர்மலாய் படத்தைத் தோளில் சுமந்து வந்து வைத்தார். அதிலிருந்து ஆண்டுதோறும் திருநாள் பவனியில் அதைச் சுமப்பவர் அவரே.

படத்துக்கு வெள்ளிக் கவசம் உண்டு, ஜார் காலத்தில் ஒரு வணிகர் கொடுத்தது. முகமும் கைகளும் மட்டும் வெளியே தெரியும். அடியில் 'வணிகர் ஸித்னிக்கவ் காணிக்கை' என்று பெரிய எழுத்தில் பொறித்திருக்கும். ஒவ்வொரு பூசையிலும் அந்த வணிகரின் ஆன்மாவுக்கு ஜெபம் நடக்கும். உழைத்தவன் பெயர் எந்தக் கோவிலில் பொறித்திருக்கிறது?

அந்த வருஷம் திருநாளுக்கு முன், கிளாவ்தியா என்ற பக்தை சுண்ணாம்புப் பொடியும் அமோனியாவும் போட்டுக் கவசத்தைத் தேய் தேயென்று தேய்த்தாள். மாதாவின் தோள்பட்டையில் வெள்ளை போய் மஞ்சள் பல்லிளித்தது. பித்தளை! தலையைச் சுற்றிய ஒளிவட்டம் மட்டும் வெள்ளையாகவே மின்னியது. அதன் ஓரத்தில் 84 என்ற எண் பளிச்சென்று தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. ஒளிவட்டம் அசல் வெள்ளி, ஆகவே கவசமும் வெள்ளியாகத்தான் இருந்திருக்கும். இத்தனை வருஷம் யார் கையில் இருந்தது? யெர்மலாய் கையில். அவர் வெள்ளியை விற்றுவிட்டுப் பித்தளையை மாட்டியிருக்கிறார். பாதிரியார் மித்ரஃபான் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பவனியில் படத்தை வேறு ஆள் சுமப்பார் என்றும் சொல்லிவிட்டார்.

யெர்மலாய் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏன்யா வாயைத் திறக்கல? நான் எடுக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே!" என்று ஸினாயீதா கத்தினார்.

"சொன்னேன். திருடன்கூட அப்படித்தான் சொல்வான்னு கிளாவ்தியா சொன்னா. அதுவும் சரிதானே?"

ஸினாயீதா உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேரே கோவிலுக்குப் போனார். தலையில் துணி போடவில்லை. கிளாவ்தியா ஓடிவந்து தன்னுடைய துணியைப் போர்த்திவிட்டாள்.

"சாமி, கவசத்தைக் கழட்டணும்" என்றார் ஸினாயீதா.

"ஐயோ! மாதா மேல கை வைக்கிறதா?" என்றாள் கிளாவ்தியா.

"நீ அமோனியா ஊத்தித் தேய்ச்சப்போ எது மேலம்மா கை வச்ச?"

பாதிரியாருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து அப்படியே இருக்குதும்மா. பிஷப்பைக் கேக்காம எப்படி…"

"ஒருத்தரைத் திருடன்னு சொல்ல பிஷப்பைக் கேட்டீங்களா?"

மித்ரஃபான் கெட்டவர் அல்ல. சாமியாராகும் முன் லாரிப் பட்டறையில் இருந்தவர். சற்று நேரம் தாடியைத் தடவினார். பிறகு அங்கியின் கையை மடக்கிக்கொண்டு, "குறடு எங்க இருக்கு?" என்றார்.

சேதி கேட்டு ஊர் கூடியது. யாரோ போய் யெர்மலாயையும் இழுத்து வந்தார்கள்.

முதலில் ஒளிவட்டம். ஸினாயீதா கண்ணாடியை வைத்துப் பார்த்து உரக்கச் சொன்னார்: "பொண்ணு வலப்பக்கம் பாக்குறா. ஜார் காலத்துக் கடைசி. ஸித்னிக்கவ் காலத்துக்குச் சரியா வருது. இது வெள்ளி."

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்!" என்றாள் கிளாவ்தியா.

"இருங்க. ஒளிவட்டம் தனித் துண்டு, கவசம் தனித் துண்டு. கழட்டுற மாதிரி இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் தனி முத்திரை அடிக்கணும், அதுதான் முறை. மூடியோட முத்திரையைப் பாத்துட்டுக் கிண்ணத்துக்குச் சாட்சி சொல்லக் கூடாது. சாமி, இப்ப ஆணியைப் பிடுங்குங்க, பைய."

துருவேறிய ஆணிகள் முனகிக்கொண்டு வெளியே வந்தன. எல்லாவற்றின் மேலும் பழைய மெழுகும் புகையும் கெட்டிப்பட்டிருந்தன. கவசம் கையோடு வந்தது. உட்புறத்தில் இரட்டைத் தலைக் கழுகும், ஏதோ ஒரு முலாம் பட்டறையின் பெயரும் இருந்தன. எண் இல்லை. பெண் தலையும் இல்லை.

"கழுகு ஜாரோட கழுகு. பட்டறை முலாம் பூசுற பட்டறை. இது பொறந்ததே பித்தளையாத்தான்" என்றார் ஸினாயீதா.

"பழைய பித்தளையை எங்கயாவது தேடிப் பிடிச்சு மாட்டியிருப்பான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"கேக்க வேண்டிய கேள்விதான். வந்து பலகையைப் பாருங்க."

பாதிரியார் பலகையின் விளிம்பைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சுற்றிலும் ஒரே வரிசை ஆணித்துளைகள். கவசத்தின் ஒவ்வொரு துளைக்கும் நேராகப் பலகையில் ஒன்று, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. வேறு கவசம் இதில் இருந்திருந்தால், கையால் செய்த அந்தக் கவசத்தின் ஆணிகள் வேறு இடத்தில் இறங்கியிருக்கும். லாரிப் பட்டறைக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரலால் ஒவ்வொரு துளையாகத் தடவிக்கொண்டே போனார். காதுவரை சிவந்துவிட்டார்.

"அப்போ வெள்ளி எங்கதான் போச்சு?" என்றாள் கிளாவ்தியா.

"எங்கயும் போகல. வரவே இல்ல. உங்க ஸித்னிக்கவ் முத்திரை கண்ணுல படுற இடத்துல மட்டும் வெள்ளி வச்சான். மிச்சத்துக்கு முலாம் பூசிட்டுப் பேரைப் பொறிச்சுக்கிட்டான். அவனுக்குத்தான் நீங்க வாராவாரம் ஜெபம் பண்றீங்க."

ஸினாயீதா வெற்றியோடு யெர்மலாய் பக்கம் திரும்பினார். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டிருந்தார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"போர்க் காலத்துல மாவு இல்ல. தங்கச்சி நியூரா படுத்துட்டா. இதுல ஒரு ஓரத்தை வெட்டி டவுன்ல குடுத்தா மாவு வாங்கலாம்மான்னு கேட்டேன். மாதாவோட வெள்ளிடா, தொடாதேன்னு அம்மா கையைத் தட்டிவிட்டா. நியூரா போயிட்டா." அவர் கவசத்தைப் பார்த்தார். "இது அம்மாவுக்குத் தெரியாமப் போனதே நல்லது."

ஸினாயீதா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, அந்த முரட்டுக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். யாரும் கண்ணடிக்கவில்லை. கிளாவ்தியாதான் முதலில் அழுதாள்.

திருநாளன்று படம் கவசமில்லாமல் போனது. இத்தனை காலம் மூடிக் கிடந்த சிவப்பு அங்கி வெயிலில் புதுசாக எரிந்தது. சுமந்தவர் யெர்மலாய். கனம் போதவில்லை, தோள் சரியாகப் பிடிக்கவில்லை என்று வழிநெடுக முணுமுணுத்தார். ஸினாயீதா வேலியோரத்தில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். பூசையில் ஸித்னிக்கவின் பெயரை இன்னும் வாசிக்கிறார்கள். பணக்காரன் பெயரை அழிக்கக் குறடு போதாது. ஆனால் அதற்கு முன்னால் யெர்மலாயின் அம்மா பெயரையும் நியூராவின் பெயரையும் வாசிக்கிறார்கள். அந்த வரிசை மாறக் கூடாது என்று பாதிரியாரிடம் சண்டை போட்டது, கோவிலுக்குள் கும்பிடப் போகாத ஸினாயீதாதான்.

உங்கள் தெருவிலும் திருடன் என்று பெயர் வாங்கிய ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள் என்று சொன்னவர்களிடம் போய்க் கேளுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்.