பேய்க்கணவாய் தூங்கிவிட்டதா?

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். பேய்க்கணவாயின் கைகளில் ஓடும் நரம்புகளைப் பற்றிய ஆராய்ச்சி. ஆக்டோபஸ் என்று படத்தில் பார்த்திருப்பீர்களே, அதேதான். கடலே இல்லாத ஊரில் இதென்ன வேலை என்று என்னைக் கேட்காதவர்கள் கிடையாது. தூத்துக்குடியிலிருந்து சந்தைக்கு மீன் ஏற்றி வரும் வேன்காரர், கடல் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டிரம்மில் ஒன்றை உயிரோடு கொண்டுவந்து தருவார். “யக்கா, இந்தப் பேய வச்சு என்ன, கொழம்பா வைக்கப் போறிய?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

எங்கள் பேராசிரியர் இளகிய மனசுக்காரர். நத்தையை உயிரோடு வெந்நீரில் போட்டு அறுக்கிற காலம் அது. அவரோ மயக்காமல் எதன் மீதும் கத்தி வைக்க விடமாட்டார். கடல் தண்ணீரில் மக்னீசியம் உப்பைக் கரைத்து அதில் விடுவோம். கொஞ்ச நேரத்தில் உடம்பு வெளுக்கும், கைகள் தொய்ந்துவிடும். இடுக்கியால் கிள்ளிப் பார்ப்பேன். அசையாது. “தூங்கிருச்சு சார்” என்பேன். நாம் ஒன்றும் கொடுமைக்காரர்கள் இல்லை என்று அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு.

அந்தப் பங்குனியில் எனக்குக் குடல்வால் வீங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவசர ஆபரேஷன். ஊசி போட்டார்கள், கண் செருகியது. பிறகு எப்படியோ முழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை. ஆனால் எல்லாம் கேட்கிறது. “நல்லா அசந்துட்டா, ஆரம்பிக்கலாம்” என்றது ஒரு குரல். கத்தி என் வயிற்றில் இறங்கியது எனக்குத் தெரிந்தது. ஐயோ, அதை எப்படிச் சொல்வேன். உள்ளுக்குள் கத்துகிறேன், கதறுகிறேன், வெளியே ஒரு சத்தம் இல்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ், ஊருக்குப் போகும்போது பால்கோவா வாங்கிப் போக வேண்டும் என்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் சொன்னேன். “மயக்கத்துல என்னத்தையாவது கனா கண்டிருப்ப. ஏட்டி, வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத. பிள்ளைக்குப் புத்தி பெரண்டு போச்சும்பாக” என்றாள். டாக்டர் மட்டும் நம்பினார். உடம்பை அசையாமல் போட ஒரு மருந்து, நினைவை இழக்கச் செய்ய இன்னொரு மருந்து. எப்போதாவது அசையாமல் போடுவது மட்டும் பிடித்துக்கொள்ளும் என்றார். தலை குனிந்து மன்னிப்பும் கேட்டார். அவர் சொல்லச் சொல்ல எங்கள் ஆய்வுக்கூடத்து மேஜைதான் என் கண்ணில் வந்தது.

தையல் பிரித்துக் கல்லூரிக்குப் போன அன்று, வேன்காரர் அப்போதுதான் ஒரு பேய்க்கணவாயை இறக்கிவிட்டுப் போயிருந்தார். பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நம்ம உப்பு அதத் தூங்க வைக்குதா, இல்ல அசையாமக் கட்டிப் போடுதா சார்?”

அவர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். “தெரியலம்மா. பெரிய பெரிய ஆட்களே இதப் பத்தி வாக்குவாதம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. இதவிட நல்ல வழி எனக்குத் தெரியல” என்றார். இதை அறுக்க வேண்டாம் சார் என்றேன். உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் வேறென்ன செய்வது? கடல் எங்கேயோ இருக்கிறது. வெயிலில் வந்த தண்ணீர் சூடேறி, அது உடம்பு விம்ம விம்ம மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் சாயங்காலத்துக்குள் திணறித் திணறிச் சாகும். விட்டாலும் பாவம், உப்பைப் போட்டாலும் பாவம். கடைசியில், “சாகுறதாவது வலிக்காமச் சாகட்டும்மா” என்று பேராசிரியரே உப்புத் தண்ணீரை ஊற்றினார்.

நான் கையை உள்ளே விட்டேன். அது ஒரு கையால் என் விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. அதன் உறிஞ்சிகள் ஒவ்வொன்றாக என் தோலில் ஒட்டின. பழுப்பு உடம்பு மெல்ல மெல்ல வெளுத்தது. கண் மட்டும் திறந்தே இருந்தது. அப்புறம் பிடி தளர்ந்து, விரலை விட்டுவிட்டது. பேராசிரியர் என் முகத்தையே பார்த்தார், நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்வேன் என்று. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆராய்ச்சியை விட்டுவிட்டேன். நான் விட்டதால் எதுவும் நிற்கவில்லை, அடுத்த வருஷம் வேறொரு மாணவி அதே மேஜையில் சேர்ந்தாள். தூங்கியதால் என் விரலை விட்டதா, வலியோடு இருந்தும் பிடிக்க முடியாமல் விட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வலி எப்படி இருக்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.