புகைவீட்டில் கட்டிய கப்பல்

போன மாதம் கரங்கான் சாலையில் ஒரு லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால் ஏற்றிய லோரி. மழை வேறு, முந்த வழியில்லை. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டும் அந்த நாற்றம் உள்ளே வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டது. நாற்றம் என்று எழுதிவிட்டேன். அதை மோந்தே வளர்ந்தவன் அப்படிச் சொல்லலாமா என்று கூச்சமாகத்தான் இருக்கிறது.

கட்டிப்பால் நாற்றம் வந்தால் அதன் பின்னாலேயே எனக்குப் புகை வாசமும் வந்துவிடும். எங்கள் தோட்டத்தில் ரப்பர் சீட்டுகளைத் தொங்கவிட்டு உலர்த்தும் பழைய புகைவீடு ஒன்று இருந்தது. புதிது கட்டியபின் அது சும்மா கிடந்தது. அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் இளைஞர் மன்றத்தின் ஒத்திகை நடக்கும். சுவரில் சாய்ந்தால் சட்டை கருப்பாகிவிடும். கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும். ஆனால் ஒரு வரி பாடினால், அது கூரைவரை போய், ஒரு சுற்றுச் சுற்றித்தான் இறங்கும். அப்படி ஒரு அரங்கத்தில் பிறகு நான் நின்றதேயில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. தோட்ட அலுவலகத்தில் சின்னக் கிராணி, அதாவது எழுத்தர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, தலைக்கனம் மட்டும் நிரந்தரமாகிவிட்டிருந்தது. சுங்கைப்பட்டாணியில் மாவட்ட அளவில் இசை நாடகப் போட்டி என்று அறிவிப்பு வந்ததும் மூன்றே நாளில் ஒரு நாடகம் எழுதிவிட்டேன். ஒரு ராஜா, ஒரு துரோகி மந்திரி, பதினோரு பாட்டு. எல்லாம் செந்தமிழ். முதல் ஒத்திகையில் நானே எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மாரியம்மன் கோயிலில் உறுமி அடிக்கும் முனியாண்டி அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இந்த ராஜா நம்ம தோட்டத்துல எந்தப் பெரட்டுலலா நிக்கிறாரு?" என்றார். காலைப் பெரட்டில் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற ராஜாவை நினைத்துக்கொண்டு புகைவீடே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான், பிலோமினா அக்கா. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். மாதா கோயில் பீடத்துக்குத் துணி தைத்துக் கொடுப்பார். ராஜா உடைக்கு அளவெடுக்கத்தான் அன்று வந்திருந்தார். மடியில் பழைய திரைச்சீலையை வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மாதா கோயிலில் கிட்டார் வாசிக்கும் சவரி காதைக் கொடுத்துக் கேட்டான்.

"அக்கா, அது என்னா பாட்டு?"

"பாட்டெல்லாம் இல்லலா. சும்மா, மரம் வெட்டறப்ப வாயில வர்றது."

"வர்றத கொஞ்சம் சத்தமா வர வைங்களேன்."

அவர் பாடினார்.

கப்பலுக்குக் கண்ணு இல்ல
காயிதத்துக்குக் காலு இல்ல

சவரி கிட்டாரில் சுதி தேடினான். மூன்று இடம் தப்பாகப் போய் நாலாவது இடத்தில் பிடித்தான். முனியாண்டி அண்ணன் உறுமியை மடிக்கு இழுத்துக்கொண்டார். கோயில் உறுமியும் சர்ச் கிட்டாரும் ஒன்றாகச் சேருமா என்று அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு சண்டை நடந்தது. ஆனால் அன்றைக்கு யாரும் சண்டை போடவில்லை. அது யாருடைய கதை என்று எல்லோருக்கும் தெரியும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டும். அறுபத்தொன்பதுக்குப் பிறகு, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை செய்ய பர்மிட் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பர்மிட் கிடைக்காதவர்கள் பினாங்கில் கப்பலேறி, பார்த்தே இராத அல்லது மறந்துபோன பூர்வீக ஊருக்குப் போனார்கள். பிலோமினா அக்காவின் கணவர் அந்தோணி அப்படிப் போனவர். அக்கா இங்கே பிறந்தவர், குடியுரிமை உள்ள நீல அட்டை. மகள் ரெஜினா அப்போது கைக்குழந்தை. அந்தோணியின் விண்ணப்பம் அலுவலகத்துக்கு வந்தது, ஆனால் மேலே போகவில்லை. பெரிய கிராணியின் மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடந்து தேதி கடந்துவிட்டது. வேண்டுமென்றே வைத்தாரா, மறந்தாரா, தெரியாது. மறதி என்றுதான் அவர் சொன்னார்.

அக்காவின் பாட்டில் முதல் இரண்டு வரிக்குப் பிறகு வரும் இரண்டு வரிகளில் அந்தோணியின் பெயர் இருந்தது. அந்த இழுப்பறையும் இருந்தது.

ராஜாவைப் பெட்டியில் போட்டுவிட்டோம். கப்பல் நாடகம் பிறந்தது. அதை யாரும் எழுதவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் எதையாவது கொண்டுவருவார். ஒருத்தி, போகிற அன்று தன் அம்மா வளர்த்த கோழிகளை வீடுவீடாகக் கொடுத்ததைச் சொன்னாள். அதை நடித்துப் பார்த்தோம், பாட்டாகிவிட்டது. முனியாண்டி அண்ணன் தன் மச்சான் பெட்டிக்குள் பால்வெட்டுக் கத்தியை மறைத்து எடுத்துப்போனதைச் சொன்னார். "அங்க ஏதுலா ரப்பர் மரம்?" என்று ஒருவன் சிரித்தான். பிறகு அவனே, "சரி, வேற என்னத்த எடுத்துட்டுப் போவாரு?" என்றான். அந்தக் கேள்வி அப்படியே வசனமாயிற்று. என் வேலை எழுதிக்கொள்வது. ஐந்து மாதம் அப்படிப் போனது. ஒரு காட்சி சரிவராவிட்டால் எல்லோரும் தரையில் உட்கார்ந்து, "இல்ல, அன்னிக்கு அப்படி நடக்கல" என்று தொடங்குவார்கள். என் வாழ்நாளில் நான் உருப்படியாக எதையாவது கற்றுக்கொண்டேன் என்றால் அந்தக் கரித் தரையில்தான்.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டார். மிரட்டுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டு போனேன். கோப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

"நாடகம் நல்லா வருதாம். தொரகூட பாக்க வர்றாரு. எனக்குப் பெருமதான்."

"ஆமா சார்."

"அந்தக் கப்பல் பாட்டுதான்... கொஞ்சம் ஒரு மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. நீ படிச்சவன். பாத்துக்க."

"சரி சார்."

அவ்வளவுதான். நிரந்தர வேலைக் கடிதத்தைப் பற்றி அவர் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கோப்பி ஆறும் முன்பே நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். என்னைக் கோழையாக்க அவர் சிரமப்பட்டதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று மதியமே உட்கார்ந்து அந்த இரண்டு வரியை அடித்துவிட்டு வேறு இரண்டு எழுதினேன்.

காசு தேடிப் போன மச்சான்
கடல் தாண்டி மறந்துட்டாரே

பாட்டு மாறினால் கதையும் மாற வேண்டுமே. கணவன் பொருளாசையில் கப்பலேறுகிறான், அங்கே வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான், மனைவி இங்கே காத்திருக்கிறாள். சனங்கள் அழுவார்கள் என்று எனக்குத் தெரியும். அழவும் செய்தார்கள்.

ஞாயிறன்று புதிய தாள்களைக் கொடுத்தேன். போட்டி விதிகளில் அரசியல் கூடாது என்று இருக்கிறது என்று பொய் சொன்னேன். முனியாண்டி அண்ணன், "யாரக் கேட்டு மாத்துன?" என்றார். தாள்களை நீட்டிக்கொண்டே போனேன். சவரி கிட்டாரின் கம்பியைத் தளர்த்துவதும் முறுக்குவதுமாக இருந்தான். பிலோமினா அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. "படி தம்பி, கேப்போம்" என்றார். படித்தேன். கேட்டுவிட்டு, தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரத்தில் எல்லா உடைகளும் தைத்து முடிந்து ரெஜினா கையில் வந்தன. ஒரு பொத்தான்கூடக் குறையவில்லை. அக்கா வரவில்லை. அந்தப் பாட்டை வாத்தியார் வீட்டுப் பெண் ஒருத்தி பாடினாள். நல்ல குரல்தான்.

முதல் பரிசு கிடைத்தது. தோட்டத்துத் துரை கைகுலுக்கினார். பெரிய கிராணி மேடையேறி எனக்கு மாலை போட்டார். நிகழ்ச்சித் தாளில், கதை, வசனம், பாடல்கள், இயக்கம் என்று நான்கும் போட்டு எதிரே ஒரே பெயர். யார் போட்டது என்று கேட்காதீர்கள். அந்த ஸ்டென்சிலை அலுவலகத் தட்டச்சில் அடித்தவனும் நான்தான்.

மறு வாரம் பால் நிறுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் பிலோமினா அக்காவின் முறை வந்தது. வாளியைத் தராசில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சத்தமே போடாமல்தான் பேசினார்.

"பாட்ட நீ எடுத்துக்க தம்பி. எனக்கென்ன, இன்னொண்ணு வாயில வரும். அவர ஏன் ஓடிப்போனவர்னு ஆக்குன? ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் காயிதம் போடறாருலா அவரு."

பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் எடையைச் சத்தமாகச் சொன்னேன். எழுதினேன். "அடுத்த ஆளு" என்றேன்.

நாடகம் நன்றாக ஓடியது. செர்டாங், கூலிம் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் கூப்பிட்டார்கள், திருவிழா தவறாமல் போட்டோம். இரண்டாம் ஆண்டு சவரி விலகிக்கொண்டான். முனியாண்டி அண்ணன் முதல் மேடையோடு நின்றுவிட்டார். எனக்கு நிரந்தர வேலையும் வந்தது, தனி வீடும் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கயிறு தாண்டும்போது அந்தப் பாட்டைப் பாடினார்கள். ரெஜினா பக்கத்தில் வந்தால் இன்னும் உரக்கப் பாடினார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தோணி அவர் ஊரில் இறந்துபோனதாகக் கடிதம் வந்தது. அக்கா கருப்பு உடுத்திக்கொண்டு மாதா கோயிலில் பூசைக்குக் கொடுத்திருந்தார். பத்துப் பேர்கூட வரவில்லை. நான் வாசல்வரை போய் வெளியிலேயே நின்றேன். தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "ஓடிப்போனவனுக்கு எதுக்குப் பூச?" என்று கேட்டாள். அவள் வேறு தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்தோணியைப் பார்த்ததேயில்லை. எங்கள் நாடகத்தைத்தான் பார்த்திருந்தாள்.

சில ஆண்டுகளில் தோட்டத்தை விற்றார்கள். மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை வைத்தார்கள். புகைவீட்டை ஒரே காலையில் இடித்துத் தள்ளிவிட்டார்கள், கரிப் பலகைகளை விறகுக்குக்கூட யாரும் எடுக்கவில்லை. முனியாண்டி அண்ணன் நெஞ்சு வலியில் போனார். சவரி கோலாலம்பூர் போனவன் கிட்டாரையே விட்டுவிட்டான். பெரிய கிராணி ஓய்வு பெற்று மகன் வீட்டில் நிம்மதியாக இருந்து செத்தார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் கூலிம் பாசாரில் ரெஜினாவைப் பார்த்தேன். தொழிற்சாலைச் சீருடையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். அம்மா போன ஆண்டே தவறிவிட்டார் என்றாள். நான் அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே ஒரு விஷயம் கேட்டேன். அம்மாவின் பாட்டில் நான் மாற்றிய அந்த இரண்டு வரி. பொருள் நினைவிருந்தது, அந்தோணி, இழுப்பறை. வார்த்தைகள் போய்விட்டிருந்தன. எத்தனையோ இரவு தேடியும் என் வரிகள்தான் வந்து நின்றன.

"ஒனக்கு ஞாபகம் இருக்காம்மா?"

ரெஜினா மீன்காரரிடம் மிச்சக் காசை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா அதுக்கப்புறம் அதப் பாடவே இல்லண்ணே. எனக்குத் தெரிஞ்சது நீங்க எழுதினதுதான்."

மீன் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, பேருந்து வந்துவிடும் என்று சொல்லிவிட்டு நடந்தாள். சவரிக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். சுதி மட்டும் நினைவிருக்கிறது என்று பதில் போட்டான். அந்த இரண்டு வரியும் இப்போது யாரிடமும் இல்லை.