ரிப்பீட்டு அக்கா எண்ணாத எட்டுப் பேர்

“எண்ணத் தெரியுமா உனக்கு?” என்று கேட்டார் ரிப்பீட்டு அக்கா.

டைப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. கைப்பையை எங்கே வைப்பதென்றுகூட அவளுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“தெரியும்க்கா.”

“எங்க, முப்பது வரைக்கும் எண்ணு பாப்போம்.”

அவள் எண்ணினாள். பன்னிரண்டு வந்ததும் அக்கா கையை நீட்டி நிறுத்தினார்.

“நீ எண்ணுறியா, இல்ல மனசுக்குள்ள வேண்டிக்கிறியா? பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கல.”

“நான் டைப்பிங்குக்கும் மொழிபெயர்ப்புக்கும்தான் வந்திருக்கேன்க்கா.”

“தெரியும் தெரியும். ரெண்டு பாஷை படிச்ச பொண்ணு வருதுன்னு சொன்னாங்க. ரெண்டுலயும் பேச மாட்டேங்குறியே!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“சிரிக்கவாவது தெரியுதே, போதும். இங்க ஆள் பத்தாது. என்னைக்காவது உன்னையும் மைதானத்துல நிறுத்தி எண்ணச் சொல்லுவாங்க. அன்னைக்கு இப்படி மூக்குக்குள்ளயே எண்ணினா, கீழ கெடக்குற புள்ளைக்கு எப்படிக் கேக்கும்? சொல்லு, ஊமைக்கோட்டான்.”

அன்று வைத்த பெயர்தான். அங்கே இருந்த நான்கு ஆண்டுகளும் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் முகம் சுருங்கியிருக்கும். அக்கா வாயிலிருந்து வரும்போது மட்டும் அது உரிமையாகக் கேட்டது.

மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் அலுவலகம் அது. பள்ளி இறுதி ஆண்டில் இருப்பவர்கள் விண்ணப்பிப்பார்கள். தேறினால் கல்லூரிப் படிப்புச் செலவு முழுவதும் கிடைக்கும். படித்துக்கொண்டே ராணுவ அதிகாரிப் பயிற்சியும் எடுக்க வேண்டும். முடித்ததும் சில ஆண்டுகள் அதிகாரியாக வேலை பார்க்க வேண்டும். அந்த வட்டாரத்துக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு இடங்கள். விண்ணப்பங்கள் தொண்ணூறைத் தொடும்.

தொண்ணூறு பேருக்கும் ஆளுக்கொரு பழுப்பு நிறக் கோப்பு. முதலில் மதிப்பெண் பட்டியல், அடுத்து நுழைவுத் தேர்வு. பிறகு பள்ளிக்கு வெளியே என்ன செய்தார்கள், எதற்குத் தலைமை தாங்கினார்கள் என்று அவர்களே நிரப்பிய படிவம். அதற்குப் பின்னால் கணக்கு ஆசிரியரும் தலைமை ஆசிரியரும் எழுதிய கடிதங்கள். இந்தக் கடிதங்களைத்தான் அவள் அலுவலக மொழிக்கு மாற்றித் தட்டச்சு செய்வாள். பத்தில் ஒன்பது கடிதங்கள் ‘நல்லவன், பணிவானவன், கடின உழைப்பாளி’ என்று ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். ஒரு கணக்கு ஆசிரியர் மட்டும், ‘இவன் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, வீடு பள்ளிச் சுவரை ஒட்டியே இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்துக் காட்டியபோது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பையனுக்கு அன்றே ‘சுவத்துப் பையன்’ என்று பெயரும் வைத்துவிட்டார்.

கோப்பில் கடைசியாகச் சேர்வது இரண்டு தாள்கள். ஒன்று, அலுவலகத் தலைவரான மேஜர் நேர்காணலில் போடும் மதிப்பெண். மற்றொன்று உடல் தகுதித் தேர்வின் எண்ணிக்கை. பிறகு மூன்று பேர் மூன்று தனி அறைகளில் உட்கார்ந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் கோப்பைப் படித்து மதிப்பெண் போடுவார்கள். மூன்றையும் கூட்டினால் பட்டியல்.

உடல் தகுதித் தாள் அக்காவின் ராஜ்ஜியம். ஒரு மைல் ஓட்டத்துக்குக் கையில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பார், சிட்-அப் எண்ணுவார், தண்டால் எண்ணுவார். தண்டாலுக்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கரும்பலகை துடைக்கும் டஸ்டர் ஒன்றில் சாக்பீஸ் தூளை நன்றாகத் தடவி, பஞ்சுப் பக்கம் மேலே இருக்கும்படி நெஞ்சுக்கு நேராகத் தரையில் படுக்க வைப்பார். நெஞ்சு அதைத் தொட்டு எழுந்தால் ஒன்று. தொடாவிட்டால் அக்கா அடுத்த எண்ணுக்குப் போக மாட்டார். சொன்ன எண்ணையே மறுபடி சொல்லுவார். “பத்தொன்பது... பத்தொன்பது... பத்தொன்பது.” கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். திட்டவும் மாட்டார், தட்டிக்கொடுக்கவும் மாட்டார். பிள்ளைகள் வைத்த பெயர்தான் ரிப்பீட்டு அக்கா. தேர்வு முடிந்து போகிறவர்களின் சட்டையில், நெஞ்சுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும்.

அவள் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அக்காவின் மகள் விண்ணப்பித்தாள்.

உறவினர் யாராவது விண்ணப்பித்திருந்தால் ஊழியர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அக்கா அந்தப் படிவத்தில் ‘மகள்’ என்று கட்டம் கொள்ளாத அளவுக்குப் பெரிதாக எழுதினார். கணவர் இல்லாமல் ஒற்றை ஆளாக வளர்த்த பெண். கல்லூரி என்றால் இந்த உதவித்தொகையை விட்டால் வேறு வழி கண்ணுக்குத் தெரியவில்லை. இதெல்லாம் டைப்பிஸ்டுக்கு அக்கா சொல்லித் தெரிந்ததல்ல. அந்தப் பிப்ரவரி முழுக்க அக்கா தேநீரை ஆறவிட்டே குடித்ததில் தெரிந்தது.

எட்டு எட்டுப் பேராகத்தான் தண்டாலுக்கு அழைப்பார்கள். மகள் இருந்த அணியை மட்டும் அக்கா எண்ணக் கூடாது என்று மேஜர் சொல்லிவிட்டார். அந்த அணியை எண்ண, அலுவலக வண்டி ஓட்டும் டிரைவர் மாமா. அக்கா வாசல் கேட்டுக்குப் போய், முடித்து வருகிறவர்களிடமிருந்து நெஞ்சில் குத்திய எண் துணியையும் ஊக்குகளையும் திருப்பி வாங்கும் வேலை பார்த்தார்.

டிரைவர் மாமா ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர். டைப்பிஸ்ட் மேசையில் உட்கார்ந்து எண்ணிக்கைகளை எழுதிக்கொண்டிருந்தாள். முதல் பையன் படுக்கும் முன் மாமா குனிந்து டஸ்டரைத் திருப்பி, பக்கவாட்டில் நெட்டுக்குத்தலாக நிறுத்தியதை அவள் பார்த்தாள். ‘இவர் ஏன் இப்படி வைக்கிறார்?’ என்று தோன்றியது. கேட்கலாமா என்று நினைப்பதற்குள் மாமா “ஒண்ணு” என்று ஆரம்பித்துவிட்டார். அவள் பேனாவை எடுத்தாள்.

ஐந்தாவதாக வந்த மகள் முப்பத்தாறு எடுத்தாள். கேட்டை நோக்கி ஓடிக்கொண்டே, “அம்மா, முப்பத்தாறும்மா! வீட்ல முப்பத்தொண்ணத் தாண்டினதே இல்ல!” என்று கத்தினாள். அக்காவின் முகம் விரிந்தது. ஊக்கைக் கழற்றக் கையை மகள் நெஞ்சருகே கொண்டுபோனார். கை அப்படியே நின்றது. சட்டையில் உள்ளங்கைத் திட்டு இல்லை. கோடு போட்டதுபோல் ஒல்லியாக ஒரு வெள்ளை. ஊக்கைக் கழற்றினார். அடுத்து வந்த பையனின் சட்டையைப் பார்த்தார். அதிலும் கோடுதான்.

மதியம் டைப்பிங் அறைக்கு வந்தார்.

“நீதானே மேசையில இருந்த? டஸ்டரை எப்படி வெச்சாரு?”

“நெட்டுக்குக்கா.”

“பாத்தியா?”

“பாத்தேன்.”

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“ரெண்டு விரக்கடை உசரம் ஜாஸ்தி. எட்டுப் பேரும் பாதி வழியிலயே தொட்டுட்டு எந்திரிச்சிருக்காங்க. மேஜருக்கு ஒரு லெட்டர் அடி. எனக்கு அந்த பாஷை பேச வரும், எழுத வராது.”

“அக்கா... அந்த எட்டுல...”

“எனக்குத் தெரியாதா அந்த எட்டுல யாருன்னு? பெத்தவ நான். மத்த எண்பத்திரண்டு புள்ளைங்க தரை வரைக்கும் போய்ட்டு வந்திருக்குங்க, அடி.”

மூன்று வரிக் கடிதம். அதைத் தட்டச்சு செய்ய அவளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ‘பிழை’ என்பதற்கு அலுவலக மொழியில் நான்கு சொற்கள் தெரியும். அதில் யார் மேலும் பழி விழாத சொல்லாகப் பார்த்துப் போட்டாள்.

மேஜர் டிரைவர் மாமாவை அழைத்தார். மாமா தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு நின்றார். “மதியம் உங்ககிட்ட இன்டர்வியூ இருக்குல்ல சார். பாதிப் புள்ளைங்க ஒத்தச் சட்டையோட வந்திருக்குங்க. படுக்க வெச்சா நெஞ்செல்லாம் வெள்ளையாகுது. நிறுத்தி வெச்சா கொஞ்சமாத்தான் ஒட்டுதுன்னு...”  மேஜர் எட்டுப் பேருக்கும் மூன்று நாள் கழித்து மறுதேர்வு என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்த மூன்று நாளும் அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு பையனின் அப்பா கேட்டுக்கு வெளியே நின்று, “நீங்க நல்ல பேர் வாங்க எங்க வீட்டுப் புள்ள ஏம்மா மறுபடி தரையில விழணும்?” என்று கத்திவிட்டுப் போனார். அக்கா, “தப்புதான், மன்னிச்சிருங்க” என்றார். வீட்டில் மகள், “உனக்கு நான் பொண்ணா, இல்ல நெஞ்சுல குத்துற நம்பரா?” என்று கேட்டாளாம். அதை அக்காவே மறுநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஊக்குகளை டப்பாவில் போட்டபோது இரண்டு கீழே விழுந்தன.

மறுதேர்வை எண்ண ஆள் வேண்டும். அக்கா கூடாது. மாமா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மேஜர் நேர்காணல் செய்கிறவர், அவரும் கூடாது. மிஞ்சியது ஒரே ஆள்.

இப்போது அந்த டைப்பிஸ்ட் வேறொரு அலுவலகத்தில், வேறொரு தெருவில் வேலை பார்க்கிறாள். பழைய மைதானத்தில் தண்டால் எண்ணப் பாய் வடிவில் ஒரு கருவி வந்துவிட்டதாம். நெஞ்சு பட்டால் அதுவே ‘பீப்’ என்கிறதாம். டிரைவர் மாமா ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார். கடைகளில் சாக்பீஸ் பெட்டியைப் பார்த்தால் அவளுக்கு அந்த மண் மைதானமும், ஆறிப்போன தேநீரும், கேட்டருகே தகர டப்பாவில் ஊக்குகள் விழும் சத்தமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. கடைக்காரர் “என்னம்மா வேணும்?” என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் நினைவு திரும்பும்.

அந்த மறுதேர்வில், எட்டுப் பேரில் ஒருவனான சுவத்துப் பையன் முதல் தடவை எடுத்த நாற்பதையே இரண்டாம் தடவையும் எடுத்தான். டஸ்டர் எப்படி இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான் போலிருக்கிறது. பன்னிரண்டாவது இடம் அவனுக்குக் கிடைத்தது. அக்காவின் மகள் முப்பதில் நின்றாள். பட்டியலில் பதினாலாவது. அவள் மறுபடி விண்ணப்பிக்கவில்லை. ஒரு நில அளவை அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, மாலை வகுப்பில் கல்லூரிப் படிப்பைப் படித்து முடித்தாள். அம்மாவோடு இரண்டு மாதம் பேச்சில்லை. அதற்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை, “உப்பு டப்பா எங்க?” என்பதுதான். அன்று அக்கா அலுவலகத்துக்கு வந்ததும் வராததுமாக, “கேட்டுட்டாடி, உப்பு கேட்டுட்டா!” என்று டைப்பிங் அறையில் வந்து சொன்னார். என்னமோ பதக்கம் வாங்கியதுபோல் இருந்தது அவர் முகம்.

மறுதேர்வில் மகள் படுத்திருந்தபோது, டைப்பிஸ்ட் “இருபத்தெட்டு” என்று மூன்று முறை சொன்னாள். மேஜர் திரும்பிப் பார்த்தார். மாமா வண்டியைத் துடைப்பதை நிறுத்தினார். இரண்டு ஆண்டுகளில் அவள் குரல் அவ்வளவு தூரம் போய் யாரும் கேட்டதில்லை. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு குரல் எங்கிருந்து வந்தது என்று மாலை வரை பேசிக்கொண்டார்கள். அவள் யாருக்கும் சொல்லவில்லை.

அன்று காலை, எட்டுப் பேரும் வருவதற்கு முன், அக்கா டஸ்டரைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். தூள் தடவியிருந்தது. கேட்டுக்குப் போகத் திரும்பியவர் நின்றார்.

“ஊமைக்கோட்டான், உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ நெஞ்சு தொடலைன்னா திரும்பச் சொல்லு. என் மொகத்தைப் பாத்து விட்டுறாத, மெதுவாவும் சொல்லாத. கேட்ல நிக்கிற எனக்குக் கேக்கணும்.”