யாரும் திறக்காத பெட்டி

"அனுப்பிட்டோம்" என்ற வார்த்தையைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மகள் நர்சிங் படிக்க ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். பதில் என் மெயிலுக்கு வரும் என்றார்கள். தக்காளி பறிக்கும்போதுகூட போனை இடுப்பில் செருகிக்கொண்டே நின்றேன். வரவில்லை. கல்லூரிக்குப் போன் போட்டால், "இடம் தர்றதா மெயில் அனுப்பிட்டோம். நீங்க பதில் போடல. வேற புள்ளைக்குக் கொடுத்துட்டோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

மகள் என் போனை வாங்கிப் பார்த்தாள். "மெயில்ல இடமே இல்லம்மா. நிறைஞ்சு கிடக்குது."

தினமும் விடியற்காலையில் அக்கா எனக்கு சாமி படம் அனுப்புவாள். செவ்வாய்க்கிழமை முருகன், வெள்ளிக்கிழமை அம்மன். சாமியை எப்படி அழிப்பது? ஒன்றைக்கூட நான் அழித்ததில்லை. போனுக்கு வருகிற படமெல்லாம் தானாகவே மெயில் கணக்கிலும் போய்ச் சேர்ந்து இடத்தை அடைத்திருக்கிறது.

"நல்லா கும்பிடு புள்ள. எல்லா சாமியும் வூட்டு வாசல்லயே உக்காந்து சீட்டை மறிச்சிட்டாங்க," என்றார் என் வீட்டுக்காரர். வந்த கோபத்தில் கையிலிருந்த கூடையை வீசிவிட்டேன்.

மகள்தான் பொறுமையாகச் சொன்னாள். "பாலக்கோடு மண்டிக்கு தக்காளி வண்டி போற மாதிரிதாம்மா. மெயிலைக் கொண்டுபோற கம்ப்யூட்டரை சர்வர்ம்பாங்க. காலேஜ் சர்வர், நம்ம மெயிலை எந்த சர்வர் வாங்கும்னு முதல்ல விசாரிக்கும். அதுகிட்டப் போய், நான் இன்னாரு, இன்னாருக்குக் கொண்டாந்திருக்கேன்னு சொல்லும். அது சரின்னாத்தான் சரக்கை இறக்கும். நம்மது 'இடமில்ல, அப்பறம் வா'ன்னிருக்குது. திரும்பத் திரும்ப வந்து பாத்துட்டு, கடைசியில 'சேர்க்க முடியல'ன்னு அனுப்பினவங்களுக்கே சேதி போட்டிருக்கும்."

"அப்ப அவங்களுக்குத் தெரியுமா?"

"சேதி போயிருக்கும்மா. யாராச்சும் பாத்தாங்களான்னு தெரியாது."

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டே ஒவ்வொரு படமாக அழித்தேன். மறுநாள் மகளை இழுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

"உங்க பாக்ஸ் ஃபுல்லுன்னா நாங்க என்னம்மா பண்றது?" என்றார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர்.

"ஃபுல்லுன்னு உங்களுக்குத்தானே சொல்லிச்சு? எங்க, திறந்து காட்டுங்க."

"அந்த மெயில் முகவரி அனுப்ப மட்டுந்தாம்மா. அந்தப் பெட்டியை யாரும் பாக்கறதில்ல."

"கோயில் உண்டியலையே திறந்து பாக்கறாங்க சார். புள்ளைங்க வாழ்க்கை திரும்பி வர்ற பெட்டியைத் திறக்க மாட்டீங்களா?"

சத்தம் கேட்டு கல்லூரி முதல்வர் அம்மா வெளியே வந்து, திறக்கச் சொன்னார். என் முகவரி போட்ட சேதி அங்கே கிடந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் வேறு பிள்ளைகளுக்குப் போய்ச் சேராமல் திரும்பியவை.

முதல்வர் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இடம் நிரம்பிடுச்சும்மா. யாராவது விலகினா உங்க பொண்ணுதான் முதல்ல. போன்லயே கூப்பிடறோம்."

"போன் நம்பர் அன்னிக்கே குடுத்தோமே. அன்னிக்கு ஏங்க கூப்பிடல?"

"வாம்மா, போலாம்" என்று மகள் கையைப் பிடித்தாள். நான் கையை விடுவித்துக்கொண்டேன். மெயில் போய்ச் சேராத மற்றப் பிள்ளைகளின் வீடுகளிலும் யாரோ யாரையோ திட்டிக்கொண்டுதானே இருப்பார்கள்?

"இவங்களுக்கெல்லாம் இப்பவே போன் போடுங்க," என்றேன்.

"போடறோம்மா. நீங்க கிளம்புங்க," என்றார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர்.

"அப்பறம் 'போட்டுட்டோம்'னு சொல்லுவீங்க. நான் காதால கேக்கணும்."

முருகா என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் முறைத்துக்கொண்டே முதல் நம்பரை அழுத்தினார். அந்தப் பக்கம் ஒரு பொம்பளைக் குரல், "அலோ, யாருங்க?" என்றது.