முதல் அரை மணி நேரத் தண்ணீர்

கனகராஜுக்குத் தெப்ரா என்ற ஊரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. "லேப்ல இருக்கேன்" என்பான். கேட்கிறவர்கள் வெள்ளைக் கோட்டு மாட்டிய ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள், அவனும் இல்லை என்று சொல்ல மாட்டான். உண்மையில் ஹைவே மழைத்தண்ணீர் வந்து விழும் பெரிய லோங்காங் வாய்க்கால் ஓரம் குந்தி, பாட்டிலில் மொண்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவதுதான் அந்த வேலை. அதில் கறாரான விதி ஒன்றே ஒன்று. மழை தொடங்கி அரை மணி நேரத்துக்குள் தண்ணீரை எடுத்தாக வேண்டும். ரோட்டில் படிந்து கிடக்கிற எண்ணெய், டயர்த்தூள், பிரேக் கரி எல்லாம் முதல் தண்ணீரோடுதான் அடித்துக்கொண்டு வரும். அப்புறம் வருவது வெறும் மழை.

அந்த ஒரு விதியைத்தான் மூன்று வருஷமாக மீறிக்கொண்டிருந்தான் மனுஷன்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் விதிப்படி மழையில் பறந்து போனவன்தான். முதல் தூறலில் ஹைவே சோப்புத் தேய்த்த தரை மாதிரி இருந்தது. மோட்டார் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். தோள்பட்டை எலும்பு முறிந்து இரண்டு மாதம் படுக்கை. அக்கா புஷ்பவள்ளிதான் சோறு பிசைந்து ஊட்டினாள். அவனுக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். கட்டுப் பிரித்த அன்று அவன் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"மழ வந்தா பாலத்துக்கடியில நின்னுரு. ரோட்டு எண்ணெயெல்லாம் கழுவிக்கிட்டுப் போனப்புறம்தான் வண்டிய எடுக்கணும். சத்தியம் பண்ணுடா."

பண்ணினான். அதிலிருந்து மழை என்றால் மேம்பாலத்துக்கடியில் மற்ற மோட்டார்காரர்களோடு ஒரு மணி நேரம் நிற்பான். ரோடு நன்றாகக் கழுவப்பட்ட பிறகு போய்ப் பாட்டிலை நிரப்புவான். ஆபீஸ் ஃபாரத்தில் 'அரை மணிக்குள் எடுக்கப்பட்டது' என்ற கட்டத்தில் ஆமாம் என்று ஒரு கோடு கிழிப்பான். மாதாமாதம் ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. ஆபீசில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நல்ல ரிப்போர்ட்டை யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

புஷ்பவள்ளி இருபத்திரண்டு வருஷம் உழைத்த எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒரே நாளில் கதவைச் சாத்திவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டித் திலாப்பியா மீன் விட்டாள். இனி அவள் பிழைப்பு அந்தக் குளம்தான். தீனியை வாளியில் தட்டினால் மீனெல்லாம் கரைக்கு ஓடி வரும். "என் புள்ளைங்க பாருடா" என்பாள். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

இந்த வருஷம் மாசி மாதம் ஒரு பொட்டு மழை இல்லை. குளம் பாதியாக வற்றியது. பைப்பிலும் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். வீட்டுக்குப் பின்னால் ஓடுவது கனகராஜ் பாட்டில் நிரப்புகிற அதே லோங்காங்.

"ஏன்டா, மழ வந்தா இந்தத் தண்ணிய குளத்துல திருப்பிவிடலாமா? உனக்குத்தான தெரியும்."

"தாராளமா விடுக்கா. மூணு வருஷ ரிப்போர்ட் இருக்கு, படு சுத்தம்லா!"

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. தானே கிழித்த கோட்டைத் தானே நம்பிப் போயிருந்தான், அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை மாலை மழை கொட்டியது. புஷ்பவள்ளி நனைந்துகொண்டே ஓடிப்போய் மடைப்பலகையைத் தூக்கிவிட்டாள். கனகராஜ் பாலத்துக்கடியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் போன் வந்தது. அவன் போய்ப் பார்த்தபோது எண்ணூறு மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கரையோரம் கறுப்பாக ஒரு வரி. தண்ணீர்மேல் வானவில் கலரில் எண்ணெய்ப் படலம். அய்யோ, பார்த்த மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. 

"தீனிடா," என்றாள் அவள். கண் வீங்கியிருந்தது. "போன வாரம் மலிவான தீனியா பாத்து வாங்கிப் போட்டேன். நானே கொன்னுட்டேன்."

"அக்கா, தண்ணி..."

"தண்ணி சுத்தம்னு நீதான சொன்ன. அது மேல பழி போடாத."

 மீனை அள்ளிக் குழியில் போட்டு மண் தள்ளினான். நாலு நாள் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. மிச்சத் தீனி மூட்டையை வாசலிலேயே போட்டு வைத்து, போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். ஐந்தாம் நாள் அவனால் தாங்க முடியவில்லை. அவள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பாலம், ஒரு மணி நேரம், ஃபாரத்தில் கிழித்த கோடு, ஒன்று விடாமல். திட்டுவாள், அடிப்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.



"அப்ப நாந்தான நிக்கச் சொன்னேன்," என்றாள்.

"இல்லக்கா. கோடு கிழிச்சது நானு. ஆபீஸ்ல உண்மைய சொல்லியிருக்கணும்."

"ரோட்டு எண்ணெய் கழுவிப் போகட்டும்னு சொன்னேனே. எங்க போகும்னு யோசிக்கலியேடா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எப்படிப் பாத்தாலும் நாந்தான்."

 வெளியே இருட்டிக்கொண்டு வந்து, ஓட்டுமேல் முதல் துளிகள் விழுந்தன. வியாழக்கிழமையும் நிரப்பாமல் விட்ட இந்த மாதத்துப் பாட்டில் வண்டிப் பெட்டியில் இன்னும் காலியாகத்தான் கிடந்தது. கனகராஜ் எழுந்து ஹெல்மெட்டை எடுத்தான். வாசல் வரை மெதுவாக நடந்தான், பின்னாலிருந்து அக்காவின் வழக்கமான அதட்டல் வரும் என்று.

மழை விட்டதும் போடா என்று புஷ்பவள்ளி சொல்லவில்லை.