பூப்போட்ட கண்ணாடி

எங்கள் ஊரில் மலையைச் சுற்றும்போது மலை எப்போதும் வலக்கைப் பக்கம்தான். அப்பாவுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும் செய்தாரே ஒரு வேலை!

தொண்ணூறுகளின் தொடக்கம். முட்டி தேய்ந்துபோய் அம்மாவால் கிரிவலம் நடக்க முடியாமல் போனது. அவளுக்காகத்தான் அப்பா தன் பழைய சீமைக் காரை விற்காமல் வைத்திருந்தார். பௌர்ணமியன்று கூட்டத்தில் கார் நுழையாது. மறுநாள் காலையில் கிளம்புவோம். அப்பாவுக்குப் பின்னால், வலது ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்து, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே வருவாள். மாதம் முழுக்க அவள் காத்துக்கிடந்தது அதற்குத்தான்.

செங்கம் ரோட்டில் லாரி டயரிலிருந்து தெறித்த கல்லில் சொல்லிவைத்தாற்போல அந்த ஜன்னலே உடைந்தது. அந்தக் காருக்குக் கண்ணாடி எந்தக் கடையிலும் கிடையாது. அப்பா கதவைப் பிரித்தார், காலண்டர் அட்டையில் அளவு வெட்டினார், தேரடித் தெருவில் சாமி படத்துக்குக் கண்ணாடி போடுகிறவரிடம் போனார். சாயங்காலம் மாட்டிவிட்டுப் பெருமையாக எங்களைக் கூப்பிட்டார். அடக் கடவுளே, பூப்போட்ட கண்ணாடி! பாத்ரூம் ஜன்னலுக்குப் போடுவார்களே, அதேதான்.

"வெயில் கம்மியா அடிக்கும், அழகாவும் இருக்கும்னுதான்..." என்று இழுத்தார்.

"மலையே தெரியலியேங்க! இதுக்கு ஒரு தகரத்த அடிச்சிருக்கலாம்." அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இறக்கிவிடவும் வழியில்லை. தடிமன் ஜாஸ்தி, கதவுக்குள் சிக்கிக்கொண்டது. எனக்கு அப்பாமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. விடிந்தால் சுற்றப் போகிற நாள்.

காலையில் அப்பா முன்கதவைத் திறந்தார். "முன்னால வந்து குந்து."

மலைக்கும் அம்மாவுக்கும் நடுவில் இப்போது அப்பா. அவர் முதுகைச் சீட்டோடு ஒட்டி, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு ஓட்டினார்.

"இப்ப தெரியுதா?"

"தொப்பையையும் கொஞ்சம் உள்ள இழுங்க, நல்லா தெரியும்."

அடி அண்ணாமலை வருவதற்குள் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நான் பின்னாலிருந்து சிரித்தேன். அந்தக் காலைகளை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.

பிறகு அதே அட்டை அளவுக்குச் சென்னையில் செய்வித்த கண்ணாடி வந்தது. பளிச்சென்று இருந்தது, ஏறி இறங்கியது. அம்மா ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. நீ பின்னால குந்திக்கோ," என்று என்னிடம் சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். கடைசிவரை அங்கேதான் உட்கார்ந்தாள்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் அம்மா போய்விட்டாள். சில மாதம் கழித்து அப்பாவும் நானும் மட்டும் சுற்றப் போனோம். நான் பின்னால் அந்தக் கண்ணாடியோரம். முன்சீட்டு காலி. அப்பா முதுகை ஒட்டி, தலையைச் சாய்த்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, நேரா உக்காந்து ஓட்டுங்களேன். கழுத்து வலிக்கப்போகுது."

"உங்கம்மாவுக்கு மறைக்கும்," என்றார்.